துணி இல்லாத தையல்



தையலாசிரியை ஒருவரின் நினைவைப் போற்ற, அவரிடம் ஊசி பிடிக்கக் கற்றவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு நிறுவிய அறக்கட்டளையின் சொற்பொழிவு இது. கவிஞர்கள், கல்வியாளர்கள், வள்ளல்கள் பெயரில் நம்மிடம் அறக்கட்டளைகள் நிறைய இருக்கின்றன. தையல் டீச்சர் பெயரில் ஒரு சொற்பொழிவு நடப்பது அபூர்வம். பள்ளிக்கூடத்தில் தையல் வகுப்பு என்றால், கணக்கு டீச்சர் கேட்டால் விட்டுக்கொடுக்க வேண்டிய வகுப்பு. பரீட்சை நெருங்கினால் காணாமல் போகிற வகுப்பு. அந்த வகுப்பில் கற்றதைத் தங்கள் வாழ்க்கையின் முக்கியமான கல்வியாக நினைப்பவர்கள் இங்கே முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் முன்னால் தையலைப் பற்றிப் பேசக் கிடைத்ததை நான் பெரிய மரியாதையாகவே எடுத்துக்கொள்கிறேன்.

இன்று நான் எடுத்துக்கொண்டிருப்பவர் செவெரியா இன்ச்சிரவுஸ்கைத்தே-க்ரியவுனெவிச்சியேனே. பெயர் நீளம் என்பதால் இனி செவெரியா என்றே சொல்கிறேன். 1977-இல் லித்துவேனியாவில், உலோகக் கலைஞர் குடும்பத்தில் பிறந்தவர். வில்னியஸ் கலைக் கழகத்தில் படித்தவர், அங்கேயே கற்பித்தவர். அவர் செய்வதைச் சொல்ல ஒரு வரி போதும்: இரும்பில் கிராஸ் ஸ்டிச் போடுகிறார். காரின் கதவு, பானட், வாளி, பூவாளி, பால் கேன், மூடி, தட்டு, போர்வீரரின் தலைக்கவசம் என்று தகரத்திலும் எஃகிலும் ஆன பொருள்களில் துளையிட்டு, நம் வீட்டுப் பெண்கள் தலையணை உறையில் போட்ட அதே தையலால் பூப்போடுகிறார்.

கேட்டதும் இது ஒரு வித்தை என்று தோன்றலாம். அரிசியில் பெயர் எழுதுகிறவரை நின்று பார்த்துவிட்டு நகர்கிறோமே, அந்த ரகம் என்று தோன்றலாம். அவருடைய வேலைகளின் படங்களை முதன்முதலில் பார்க்கும் பலருக்கும் அப்படித்தான் இருக்கும். அது தவறான முடிவு என்று காட்டுவதுதான் இந்த உரையின் வேலை. ஒரு மரபுத் தையலைப் புதிய பொருளுக்குக் கொண்டுபோவது எவராலும் முடியும். பசை வைத்து ஒட்டினால்கூடப் போதும். தையலின் சட்டதிட்டம் ஒன்றைக்கூடத் தளர்த்தாமல் கொண்டுபோவது வேறு. செவெரியா அந்தக் கடினமான வழியில் போனவர். அதனால்தான் அவருடைய வேலை மரபைப் பற்றி நமக்குப் புதிதாகச் சிலவற்றைச் சொல்கிறது.

கிராஸ் ஸ்டிச் தெரியாத மாணவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். பாவும் ஊடும் குறுக்கே போவதால் நெய்த துணி தானாகவே கட்டம் கட்டமாக இருக்கிறது. ஒரு கட்டத்தின் கீழ் மூலையில் ஊசியை ஏற்றி, எதிரே மேல் மூலையில் இறக்கினால் பாதித் தையல். மற்ற இரண்டு மூலைகளையும் அதேபோல் இணைத்தால் ஒரு பெருக்கல் குறி. அவ்வளவுதான் மொத்தத் தையலும். சங்கிலித் தையலும் காம்புத் தையலும் போடுகிறவர், துணியில் வரைந்த கோட்டின்மேல் போகலாம். இதில் கோடு கிடையாது. எண்ண வேண்டும். மூன்று சிவப்பு, இரண்டு கருஞ்சிவப்பு, ஒரு கட்டம் காலி, பிறகு நான்கு பச்சை என்று வரிசை வரிசையாக எண்ணிக்கொண்டே போக வேண்டும். ஓர் இழை தப்பினால் ரோஜா இதழ் கோணிவிடும். பெரும்பாலும் அது பல வரிசை தாண்டிய பிறகுதான் கண்ணில் படும்; பிரித்துவிட்டு மறுபடி போட வேண்டும்.

இன்னொரு சட்டமும் உண்டு. தையல் டீச்சர்கள் இதற்காகவே நோட்டில் சிவப்பு மையால் சுழித்திருக்கிறார்கள். பெருக்கல் குறியில் மேலே விழுகிற கால் எல்லாத் தையலிலும் ஒரே பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். ஒன்று வலப்பக்கமும் ஒன்று இடப்பக்கமும் சாய்ந்தால் வெளிச்சம் படும்போது பூ திட்டுத் திட்டாகத் தெரியும். நூலின் பளபளப்பு சாய்வைப் பொறுத்து மாறுவதுதான் காரணம். செவெரியாவின் வேலைகளை நெருக்கத்தில் எடுத்த படங்களில் நான் முதலில் தேடியது இதைத்தான். துருவேறிய தகரத்தின்மேலும் அந்தக் கால்கள் ஒரே பக்கம் சாய்ந்திருக்கின்றன.

இந்தத் தையலோடு சேர்ந்தே நம் நினைவுக்கு வருகிற ரோஜாப்பூவுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லின் நகர அச்சகத்தார் கட்டத்தாளில் சித்திரங்களை அச்சிட்டு, ஒவ்வொரு கட்டத்துக்கும் கையால் வண்ணம் பூசி விற்கத் தொடங்கினார்கள். ரோஜாக் கொத்து, கிளி, நாய்க்குட்டி என்று அவை ஐரோப்பா முழுவதும் போயின. அட்லாண்டிக்கைத் தாண்டியும் போயின. ஓவியம் வரையத் தெரியாத ஒரு பெண், எண்ணத் தெரிந்தால் போதும், தன் வீட்டுச் சுவருக்கு ஒரு பூங்கொத்து செய்துகொள்ளலாம் என்ற நிலை வந்தது அந்தத் தாள்களால்தான். பின்னர் மகளிர் இதழ்கள் அந்த வேலையை எடுத்துக்கொண்டன. செவெரியா தம் பூக்களைத் தாமே வரைந்துகொள்வதில்லை. வெகுஜனப் பத்திரிகைகளில் வந்த, எல்லோர் வீட்டிலும் இருந்த மாதிரிகளைத்தான் எடுக்கிறார். இது முக்கியம், பிறகு இதற்குத் திரும்பி வருகிறேன்.

கிராஸ் ஸ்டிச்சிலிருந்து துணியைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது என்ன? கட்டமும் கணக்கும். துணியில் நெசவாளர் நமக்காக முன்பே போட்டு வைத்த கட்டத்தை, இரும்பில் இவர் தாமே உண்டாக்க வேண்டும். பத்துக்குப் பத்துக் கட்டத்தை நிரப்ப 100 தையல். அதற்கு 121 துளைகள் வேண்டும். ஐம்பதுக்கு ஐம்பது என்றால் 2,500 தையலுக்கு 2,601 துளைகள். பூ இருக்கிற இடத்தில் மட்டும் துளையிட்டால் போதும் என்பதால் எண்ணிக்கை கொஞ்சம் குறையும். ஆனாலும் ஒரு காரின் கதவு முழுக்க ரோஜாக் கொத்து என்றால் எத்தனை துளை என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். ஒவ்வொன்றும் அளந்து, குறித்து, டிரில்லால் போட்ட துளை.

அந்த வேலை கைக்கு எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள, ஒரு பழைய எண்ணெய் டின்னின் மூடியை எடுத்துக்கொண்டு எங்கள் தெருமுனைப் பட்டறைக்குப் போனேன். கட்டத்தாளை மூடியின்மேல் ஒட்டிக் கொடுத்தேன். பட்டறைத் தம்பி அடியில் ஒரு மரக்கட்டையை வைத்துவிட்டு, “நேரா டிரில்ல வெச்சா வழுக்கிட்டுப் போயிரும் மேடம், மொதல்ல பஞ்ச் அடிக்கணும்” என்று ஒவ்வொரு புள்ளியிலும் சென்டர் பஞ்சை வைத்துத் தட்டினார். பிறகுதான் துளை. போட்டு முடித்ததும் மூடியைத் திருப்பி, பின்பக்கத்தில் விரலை வைக்காமல் நகத்தால் மெல்ல உரசிக் காட்டினார். ஒவ்வொரு துளையைச் சுற்றியும் இரும்புப் பிசிறு முள்ளாக நின்றது. “இத எடுக்காம நூலக் கோத்தீங்கன்னா நாலு இழுவையில அறுந்துரும்” என்றார். பெரிய பிட் ஒன்றைக் கையில் பிடித்து ஒவ்வொரு துளையிலும் வைத்து ஒரு திருகு திருகினார். பிசிறு சுருளாக உதிர்ந்தது.

வீட்டுக்கு வந்து தைத்துப் பார்த்தபோது இன்னொன்று புரிந்தது. துணி நூலைப் பிடித்துக்கொள்ளும். ஊசி போட்ட துளை, ஊசி வெளியே வந்ததும் நூலைச் சுற்றி இறுகிவிடும். இரும்பு பிடிக்காது. ஒரு தையலை இழுத்துவிட்டு அடுத்ததுக்குப் போவதற்குள் முந்தையது தளர்ந்துவிடுகிறது. இடக்கை விரலால் பின்பக்க நூலை அழுத்திப் பிடித்துக்கொண்டேதான் வலக்கை போக வேண்டும். தவறினால் திருத்தவும் வழியில்லை. துணியில் தப்பான இடத்தில் குத்திய துளையை நகத்தால் தேய்த்தால் மறைந்துவிடும். தகரத்தில் போட்ட துளை போட்டதுதான். பொறுமை என்று நாம் பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். இங்கே தேவைப்படுவது பொறுமையைவிட முன்கூட்டிய தீர்மானம்: முதல் துளைக்கு முன்பே கடைசித் தையல் எங்கே விழும் என்று தெரிந்திருக்க வேண்டும்.

மூடி தட்டையானது. பூவாளியை நினைத்துப் பாருங்கள். உடல் வளைவானது, வாய் குறுகியது. ஊசியை உள்ளே அனுப்புவது எளிது. உள்ளேயிருந்து சரியான துளையைக் கண்டுபிடித்து வெளியே தள்ளக் கை நுழைய வேண்டும், அதுவும் கண்ணுக்குத் தெரியாத இடத்தில். செவெரியாவின் பூவாளிகளிலும் பால் கேன்களிலும் பூ சுற்றிவர ஓடுகிறது. வளைவில் கட்டம் கோணாமல் ஓடுகிறது. இதை ஒட்டு வேலை என்று யாராவது சொன்னால் அவர் இன்னும் கிட்டத்தில் போய்ப் பார்க்க வேண்டும் என்பேன்.

இனி அந்தக் கார். ரோஜாக்கள் விரித்த பாதை என்று பொருள்படும் தலைப்பில் கார்ப் பாகங்களில் அவர் செய்த வேலைதான் உலகம் முழுவதும் படமாகப் பரவியது. நசுங்கி, துருப்பிடித்து, உடைசல் கடையில் கிடக்க வேண்டிய கதவிலும் பானட்டிலும் கொத்துக் கொத்தாக ரோஜாக்கள். வண்ணம் மங்காத பருத்தி நூல். லித்துவேனியாவுக்கு வெளியே இருப்பவர்கள் இதைக் கடினமும் மென்மையும் சந்திக்கிற இடம் என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கு அது போதவில்லை. 1990 மார்ச் 11-இல் லித்துவேனியா சோவியத் ஒன்றியத்திலிருந்து விடுதலையை அறிவித்தபோது செவெரியாவுக்கு வயது பன்னிரண்டோ பதின்மூன்றோ. அதற்குப் பின் வந்த ஆண்டுகளில் மேற்கு ஐரோப்பாவின் பழைய கார்கள் அந்த நாட்டுக்குள் வந்து குவிந்தன. மாரியம்போலே நகரத்தின் பழைய கார்ச் சந்தை கிழக்கு ஐரோப்பா முழுவதும் பெயர்பெற்றது. கார் வாங்குவது விடுதலையின் ருசியாக இருந்த காலம் அது. இன்னொருவர் ஓட்டிக் கழித்த காரைத் தேய்த்து, தட்டி, வண்ணமடித்துப் புதிதாக்கிய ஆண்களின் வேலையும், இன்னொருவர் அச்சிட்ட மாதிரியைப் பார்த்து வீட்டை அழகாக்கிய பெண்களின் வேலையும் அந்தக் கதவில் ஒன்றாகச் சேர்கின்றன. கலைஞர் அப்படிச் சொன்னதாக நான் சொல்லவில்லை. இது என் வாசிப்பு. அந்தத் தலைமுறையில் வளர்ந்த ஒருவர் காரின் கதவைத் தேர்ந்தெடுத்தது தற்செயல் என்று என்னால் நம்ப முடியவில்லை.

வேறு சில வேலைகளில் அவர் தட்டுகளை எடுத்துக்கொண்டு, அவற்றில் அணைத்துப் போட்ட சிகரெட் துண்டுகளைத் தைத்தார். விருந்து முடிந்து கழுவப் போட்ட தட்டுபோல இருக்கும். தட்டைக் கழுவுகிறவர் பார்க்கிற காட்சி அது. விருந்துக்கு வந்தவர் பார்ப்பதில்லை.

இவருடைய வேலையைப் பற்றி எழுதுகிற விமர்சகர்கள் அடிக்கடி சொல்வது ஒன்றுண்டு: மலிவான ரசனையின் பூக்களை இவர் எள்ளலோடு எடுத்தாள்கிறார், துருவின்மேல் வைத்து அவற்றின் இனிப்பை முறித்துவிடுகிறார் என்பது. அந்த வாசிப்பில் ஓரளவு நியாயம் இருக்கிறது. பொருத்தமில்லாத இரண்டைச் சேர்க்கும்போது புன்னகை வரத்தான் செய்யும். ஆனால் ஆயிரக்கணக்கான துளைகளை அளந்து போட்டு, ஒவ்வொன்றின் பிசிறையும் எடுத்து, எல்லாக் கால்களையும் ஒரே பக்கம் சாய்த்துத் தைப்பவர், தாம் தைக்கிற பூவை ஏளனம் செய்கிறார் என்று எனக்குத் தோன்றவில்லை. ஏளனத்துக்கு இவ்வளவு உழைப்பு தேவைப்படாது. மகளிர் பத்திரிகையின் ரோஜாவை அவர் மாற்றாமல் எடுத்துக்கொள்கிறார் என்று முன்பே சொன்னேன். மாற்றியிருந்தால் அது கலைஞரின் ரோஜா ஆகியிருக்கும். மாற்றாததால் அது இன்னும் அந்தப் பெண்களின் ரோஜாவாகவே இருக்கிறது. நாலு சுவருக்குள் இருந்த அவர்களுடைய வேலை, கலைக்கூடத்தின் வெளிச்சத்துக்கு வந்து நிற்கிறது. எனக்கு இதில் தெரிவது மரியாதை.

ஜவுளிக் கலை கலைக்கூடத்துக்குள் நுழைந்த கதை பெரியது. அதை இங்கே விரிக்கப் போவதில்லை. 1962-இல் தொடங்கி 1995 வரை சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் நடந்த திரைச்சீலைப் பியனாலே என்ற ஈராண்டுக் கண்காட்சி, நூல் வேலையைச் சிற்பத்துக்கு நிகராகப் பார்க்க ஐரோப்பாவைப் பழக்கியது. லித்துவேனியாவின் கவுனாஸ் நகரத்தில் 1997-இல் ஜவுளிக் கலைக்கென்றே ஒரு பியனாலே தொடங்கியது. சோவியத் ஆட்சியில் ஓவியர்கள் மேலிருந்த கெடுபிடி கைத்தொழில் என்று கருதப்பட்ட நெசவின்மேல் அவ்வளவாக இல்லை. அதனால் பால்டிக் நாடுகளில் நெசவுக் கலைஞர்கள் துணிந்து சோதனை செய்ய முடிந்தது. செவெரியாவுக்குப் பின்னால் அப்படி ஒரு மண் இருந்தது என்பதை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்வோம்.

அவருடைய வேலைகளில் என்னை மிகவும் சங்கடப்படுத்துவது தலைக்கவசங்கள்தான். கொன்றவர்களையும் கொல்லப்பட்டவர்களையும் ஒரே தலைப்புக்குள் வைத்து, இரண்டாம் உலகப் போர்க்கால எஃகுத் தலைக்கவசங்களில் 2016-இல் அவர் பூத்தையல் போட்டார். துரு அரித்த கவசங்கள் அவை. லித்துவேனியாவை 1940-இல் சோவியத் படை பிடித்தது. 1941-இல் ஜெர்மன் படை. 1944-இல் மறுபடி சோவியத் படை. அந்த நாட்டு யூதர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் நாஜி ஆக்கிரமிப்பின்போது கொல்லப்பட்டார்கள். உள்ளூர்க்காரர்கள் பலர் அதற்குத் துணைபோனார்கள். அந்த மண்ணில் கிடைக்கிற ஒரு தலைக்கவசத்தின்மேல் பூவைத்தால், அந்தப் பூ யாருக்கு? அதை அணிந்து இறந்த இளைஞனுக்கா, அவன் துப்பாக்கியின் முன்னால் நின்றவர்களுக்கா? எஃகைத் துளைத்துத்தான் அந்தப் பூ வந்திருக்கிறது என்பதை மறக்க முடியவில்லை. துப்பாக்கிக் குண்டு செய்கிற வேலையும் அதுதான். எல்லாருக்கும் பொதுவான அஞ்சலி என்று இதை என்னால் ஏற்க முடியவில்லை. ஒரு மகனின் தலையை நினைத்துத் தாய் செய்யக்கூடிய வேலை என்று பார்க்கும்போது மட்டும் கொஞ்சம் நெருங்க முடிகிறது. இந்தத் தொடர் முழுமையாக வென்றதாக நான் சொல்ல மாட்டேன். ஆனால் மற்றவற்றைவிட அதிக நேரம் என்னைப் பிடித்து வைத்திருப்பது இதுதான்.

செவெரியா இரும்பைத் தேர்ந்தெடுத்தார். தேர்ந்தெடுக்க வழியில்லாமல் கிடைத்ததில் தைத்தவர்களையும் இந்த மேடையில் நினைக்க வேண்டும். பிரேசில் நாட்டு ஆர்த்தூர் பிஸ்போ தொ ரொசாரியோ கறுப்பினத்தவர். கடற்படையில் இருந்தவர், குத்துச்சண்டை வீரர். வடகிழக்கே செர்ஜிப்பி மாநிலத்தில் பூத்தையல் வழக்கத்திலிருந்த ஊரில் பிறந்தவர். ரியோ டி ஜெனிரோவின் மனநல விடுதி ஒன்றில் அரை நூற்றாண்டுக் காலம் வாழ்ந்து, அங்கேயே 1989-இல் இறந்தார். அவருக்கு நூல் கிடையாது. விடுதியின் நீலச் சீருடைகளை இழை இழையாகப் பிரித்து நூல் எடுத்தார். விடுதியின் படுக்கை விரிப்புகளில் ஊர்களையும் கப்பல்களையும் தாம் அறிந்த மனிதர்களின் பெயர்களையும் தைத்தார். இறுதித் தீர்ப்பு நாளில் கடவுள் முன் போட்டுக்கொண்டு நிற்க ஒரு மேலங்கி தைத்துவைத்தார். 1995-இல் வெனிஸ் பியனாலேயில் பிரேசில் தன் சார்பாக அவருடைய வேலைகளைக் காட்டியது. அவர் இறந்து ஆறாண்டு கழித்து.

சிலி நாட்டில் 1973 செப்டம்பர் 11-இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபின், கணவரையும் மகனையும் காணாமல் தேடிய பெண்கள் மாவுச் சாக்குத் துணியில் பழைய உடைகளின் துண்டுகளை வைத்துத் தைத்து நடந்ததைச் சொன்னார்கள். காணாமல் போனவரின் சட்டையையே வெட்டித் தைத்தவர்களும் உண்டு. சான்டியாகோ தேவாலய அமைப்பின் உதவியோடு அவை வெளிநாடுகளுக்குப் போயின. செய்தித்தாள்கள் அச்சிட முடியாததை அந்தச் சாக்குகள் சொல்லிவிட்டன. தையல்தானே என்று முதலில் யாரும் அதைச் சந்தேகப்படாததும் ஒரு காரணம்.

இந்த இடத்தில் ரோசிகா பார்க்கரைக் குறிப்பிட வேண்டும். 1984-இல் வெளிவந்த அவருடைய நூல், பூத்தையலுக்கும் பெண்மை என்ற கருத்துக்கும் இடையிலுள்ள உறவை ஆராய்ந்தது. தலையைக் குனிந்து, வாயை மூடி, வீட்டுக்குள் உட்காரப் பெண்ணைப் பழக்கிய கருவி ஊசி. அதே ஊசியால்தான் அவள் அந்த வரம்பை மீறவும் செய்தாள் என்பது அவருடைய வாதம். இதற்கு ஐரோப்பாவுக்குப் போகத் தேவையில்லை. 1820-ஐ ஒட்டி நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் என்ற மிஷனரிப் பெண்மணி மகளிர் பள்ளியில் லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அந்த லேஸை விற்ற காசில் அடிமைக் குடும்பத்துப் பெண்கள் தங்கள் விடுதலையை விலைகொடுத்து வாங்கியதை மிஷன் வரலாறுகள் பதிவு செய்திருக்கின்றன. அவருடைய மகள் எலிசா, ராபர்ட் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்குப் போனபோது லேஸ் வேலையையும் அங்கே கொண்டுபோனார். கால்டுவெல்லின் ஒப்பிலக்கணத்தை நாம் எத்தனையோ மேடைகளில் பேசியிருக்கிறோம். இடையன்குடி லேஸைப் பற்றி எத்தனை மேடைகளில் பேசியிருக்கிறோம்?

எண்ணித் தைக்கிற மரபு நம் பக்கத்திலேயே உயிரோடு இருக்கிறது. நீலகிரித் தோடர் பெண்கள் வெள்ளைப் பருத்தித் துணியில் கறுப்பும் சிவப்புமாகப் போடுகிற பூவேலைக்கு வரைபடம் கிடையாது, சட்டகம் கிடையாது. இழையை எண்ணுகிறார்கள். நேர்த்தியான பக்கத்தைவிடச் சொரசொரப்பான பக்கத்தையே அவர்கள் வெளியே காட்டுகிறார்கள். பூத்துக்குளி என்ற அந்தப் போர்வையை விழாவிலும் போர்த்துவார்கள். இறந்தவரின் உடலையும் அதில்தான் சுற்றுவார்கள். 2013-இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இன்று அந்தப் பூவேலை கைப்பையிலும் மேசை விரிப்பிலும் வருகிறது. அதனால் வருமானம் வருகிறது, அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் எந்தப் பொருளில் போடுவது, எந்தத் துணியில் போடுவது என்று தீர்மானிப்பவர் யார்? எண்ணித் தைக்க இழை கண்ணுக்குத் தெரிய வேண்டும். கண்ணுக்குத் தெரியாத மெல்லிய துணியைக் கொடுத்து, விலையையும் அளவையும் வெளியிலிருந்து நிர்ணயித்துவிட்டு, மதிப்புக் கூட்டல் என்று அதற்குப் பெயர் வைத்தால், தைக்கிறவரின் அறிவில் பாதியை வெளியே நிறுத்திவிடுகிறோம். செவெரியா இரும்பை எடுத்தபோது அதைத் தீர்மானித்தவர் அவர். அளவு, துளை, நூல், கிடைக்கிற நேரம் எல்லாம் அவர் கையில். கைவினைஞருக்கும் கலைஞருக்கும் இடையே நாம் கோடு கிழித்து வைத்திருக்கிறோமே, அது திறமையைப் பொறுத்ததல்ல. தீர்மானிக்கிற உரிமை யாரிடம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. இந்த உரையில் நான் உறுதியாகச் சொல்ல வந்தது இது ஒன்றுதான்.

மாணவிகளுக்கு ஒரு வார்த்தை. புதிய பொருளைத் தேடும்போது முதலில் உங்கள் தையலின் சட்டம் என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள். எதை விட்டுக்கொடுத்தால் அது வேறு தையலாகிவிடும் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். அதைக் காப்பாற்றிக்கொண்டு பிறகு தகரத்துக்கோ, கம்பிவலைக்கோ, பிளாஸ்டிக் கூடைக்கோ போங்கள். பட்டறைக்குப் போகத் தயங்காதீர்கள். சென்டர் பஞ்ச் அடிக்கவும், பிசிறு எடுக்கவும் கற்றுக்கொடுக்க அங்கே ஆள் இருக்கிறார்கள். நம் கலைக் கல்லூரிகளில் ஜவுளித் துறை ஒரு கட்டடத்திலும் சிற்பத் துறை வேறொரு கட்டடத்திலும் இருக்கின்றன. ஒரு துறை மாணவர் மற்றத் துறையின் கருவியைத் தொடுவது எளிதல்ல. ஒரு பாடவேளையாவது இரண்டு துறையும் சேர்ந்து உட்காரப் பாடத்திட்டக் குழுவினர் வழி செய்ய வேண்டும்.

அறக்கட்டளை நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் ஒரு சொற்பொழிவு நடத்துகிறீர்கள், நல்லது. ஒன்றுவிட்டு ஒரு ஆண்டாவது அந்தப் பணத்தை, தையல் தெரிந்த ஒரு மாணவிக்கோ கிராமத்துத் தையல்காரப் பெண்ணுக்கோ கொடுங்கள். ஒரு டிரில் மெஷினும் வேண்டிய பொருளும் வாங்க, சில மாதம் வேறு வேலைக்குப் போகாமல் இருக்க, அது உதவட்டும். எதைத் தைப்பது என்று அவரே தீர்மானிக்கட்டும். முடித்த வேலையை இதே அரங்கில் வையுங்கள். அதன் கீழே அவருடைய பெயரை முழுதாக எழுதி வையுங்கள்.